கிராஃப்ட் பீர்க்காரர் வீட்டு ஃபிரிட்ஜ்

டெல்லியில் கிராஃப்ட் பீர் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டால் சற்று நெளிவார்கள். சனிக்கிழமை மாலை குர்கான் செக்டார் 29-இல், ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போட்டுக் காய்ச்சிய பெல்ஜியப் பாணி கோதுமை பீரை முகர்ந்து, நுரையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் குடிக்கிறீர்கள். சரி, செவ்வாய்க்கிழமை ராத்திரி வீட்டு ஃபிரிட்ஜில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் கிங்ஃபிஷர். பட்வைசர் என்பவர்களும் உண்டு. கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டுமே என்பதுதான் காரணம்.

மேல்நாடுகளில் இந்தக் கேள்வி ருசியைப் பற்றியது, கொஞ்சம் வர்க்கத்தைப் பற்றியது. டெல்லியில் விடை தேடினால் கலால் துறை, மே மாத வெயில், மெட்ரோவின் கடைசி ரயில் என்று எங்கெங்கோ போக வேண்டியிருக்கிறது. ருசியின் முறை கடைசியில்தான் வரும். இந்த ஊர் கிராஃப்ட் பீர் ரசிகர் மலிவு லாகரை விட்டுப் போனதே இல்லை என்பது என் கட்சி. விடுவதற்கான வசதியை ஊர் அவருக்குச் செய்து தரவில்லை. அவர் கோபப்பட நியாயமான காரணங்கள் இரண்டு உண்டு: ஒன்று ஸ்ட்ராங் பீர், மற்றது பழைய சரக்கு. அந்த இரண்டு பழியையும் லாகர் தலையில் கட்டிவிடுகிறார்.

லாகர் என்றால் மட்டம், ஏல் என்றால் உசத்தி என்று ஒரு கணக்கு டெல்லி மேசைகளில் ஓடுகிறது. பீர் காய்ச்சுபவர்களிடம் அது எடுபடாது. குளிரில் மெதுவாக வேலை செய்யும் ஈஸ்ட்டைக் கொண்டு புளிக்க வைத்து, வாரக்கணக்கில் குளிரிலேயே ஆறப்போட்டுத் தெளிய வைப்பது லாகர். இன்று உலகம் குடிக்கும் பொன்னிற லாகருக்கு மூலம், 1842-இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் யோசஃப் க்ரோல் காய்ச்சிய பீர். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் எமில் ஹான்சன் 1883-இல் லாகர் ஈஸ்ட்டைத் தனியே பிரித்தெடுத்த பிறகு, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பீர் வருவது சாத்தியமாயிற்று. கோதுமை பீரில் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் முன்னால் நிற்கும். காய்ச்சியதில் சின்னக் கோளாறு இருந்தால் அந்த வாசனைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். லாகரில் ஒளிய இடமில்லை. வெண்ணெய் வாடையோ வேகவைத்த சோளத்தின் வாடையோ லேசாக வந்தாலும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

அப்படியானால் மைக்ரோபுருவரிகளில் நல்ல லாகர் ஏன் அபூர்வம்? கணக்கு எளிது. கோதுமை பீரும் மற்ற ஏல் வகைகளும் இரண்டு வாரத்தில் தொட்டியைக் காலி செய்துவிடும். ஒழுங்காகச் செய்த லாகர் நாலிலிருந்து ஆறு வாரம் தொட்டியில் குடியிருக்கும். மாலிலோ செக்டார் 29-இலோ வாடகை கொடுத்து ரெஸ்டாரண்ட் நடத்துபவருக்கு இருப்பதே நாலைந்து தொட்டி. ஒன்றை ஒன்றரை மாதம் லாகருக்கு விட்டுக்கொடுத்தால் அவர் கணக்குப்பிள்ளை சும்மா இருக்கமாட்டார். டெல்லிக்காரரின் நாக்கில் 'கிராஃப்ட் பீர் என்றால் கோதுமை பீர்' என்று பதிந்துபோனதில் இந்தத் தொட்டிக் கணக்குக்குப் பெரிய பங்குண்டு. நல்ல லாகரைக் கையால் காய்ச்சித் தருபவர் இல்லாதபோது, லாகர் என்றால் ஆலையிலிருந்து லாரியில் வருவது என்று ஆகிவிட்டது.

ஆலை பீர் டெல்லிக்கு முதலில் மலையிலிருந்துதான் இறங்கியது. 1850-களில் எட்வர்ட் டயர் கசௌலியில் தொடங்கிய ஆலை பிறகு பக்கத்து சோலனுக்கு இடம் மாறியது. சுதந்திரத்துக்குப் பின் என்.என். மோகன் கைக்கு வந்து, மோகன் மீக்கின் என்று பெயர் பெற்றது. டெல்லி எல்லையைத் தாண்டியதும் காஜியாபாத்தில் மோகன் நகர் என்று ஒரு குடியிருப்பே உண்டு. அவர்களுடைய கோல்டன் ஈகிள்தான் வடக்கில் ஒரு தலைமுறையின் பீர். கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறிய மத்திய அரசு ஊழியரான தமிழர்களில் பீர் குடித்தவர்கள், ஊரில் யாருக்கும் தெரியாமல் குடித்ததும் அதுவே. கிங்ஃபிஷர் தெற்கத்தி. ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் லீஷ்மன் 1915-இல் ஐந்து ஆலைகளை இணைத்து உருவாக்கிய யுனைடெட் புருவரீஸின் சரக்கு. அந்த ஐந்தில் நீலகிரியின் பெயர் தாங்கிய ஆலையும் ஒன்று. 1978-இல் கிங்ஃபிஷர் பிராண்ட் புதுத் தோற்றத்தில் வந்து, பின்னர் வடக்கையும் பிடித்தது. 2021-இலிருந்து நிறுவனத்தின் கடிவாளம் ஹைனகன் கையில்.

கோல்டன் ஈகிளும் முதல் கிங்ஃபிஷரும் மைல்ட் வகை லாகர்கள். டெல்லியின் பீர்ப் பழக்கத்தை மாற்றியது ஸ்ட்ராங். ஹேவர்ட்ஸ் 5000, ஜம்முவிலிருந்து வரும் காட்ஃபாதர், 1999-இல் வந்த கிங்ஃபிஷர் ஸ்ட்ராங் என்று ஒரு வரிசை. இன்று இந்தியாவில் விற்கும் பீரில் பத்துக்கு எட்டுப் பங்கு ஸ்ட்ராங் என்று தொழிலில் சொல்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 5 சதவீதம் வரை சாதாரண பீர், அதற்கு மேல் 8 சதவீதம் வரை ஸ்ட்ராங். ஒரு 650 மில்லி பாட்டிலில் 8 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் 52 மில்லி. 42.8 சதவீத விஸ்கியில் ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி, ஏறக்குறைய 26 மில்லி தரும். ஆக ஒரு ஸ்ட்ராங் பாட்டில் என்பது இரண்டு லார்ஜ். மைல்டுக்கும் ஸ்ட்ராங்குக்கும் கடையில் விலை வித்தியாசம் சொற்பம். வரி ஆல்கஹால் ஏறும் விகிதத்தில் ஏறுவதில்லை. கூலி வாங்கிக்கொண்டு கடைக்கு வருபவர் எதைக் கேட்பார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. அவர் ஸ்ட்ராங் கேட்கிறார், கடை ஸ்ட்ராங் அடுக்குகிறது, மைல்ட் கேட்டு வருபவருக்கு உதட்டைப் பிதுக்கும் பதில்.

இந்த ஸ்ட்ராங்கின் உடம்பில் மால்ட் குறைவு. அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை இவற்றால் ஆல்கஹால் ஏற்றப்படுகிறது; எரிச்சலும் இனிப்பும் சேர்ந்த ஒரு ருசி. தலைவலிக்குக் காரணம் 'கிளிசரின்' என்று நம்பி, திறந்த பாட்டிலைத் தண்ணீர் டம்ளரில் தலைகீழாகக் கவிழ்க்கும் வித்தையை நாட்டின் பல ஊர்களில் பார்க்கலாம். பாட்டில் வாயிலிருந்து கனமான திரவம் நூல் நூலாக இறங்கும், 'பார்த்தாயா கிளிசரின்!' என்று ஒருவர் கூவுவார். இறங்குவது பீர்தான். அதில் கரைந்திருக்கும் சர்க்கரைச் சத்தால் அது தண்ணீரைவிடச் சற்றுக் கனம், அவ்வளவே. தலைவலிக்கு அந்த 52 மில்லியே போதும்.

கிராஃப்ட் பீர்க்காரர் 'மலிவு லாகர்' என்று முகம் சுளிக்கும்போது அவர் மனதில் இருப்பது பெரும்பாலும் இந்த ஸ்ட்ராங்தான். குளிர்ந்த மைல்டைக் கையில் கொடுத்தால் சுளிப்பு பாதியாகிறது. 44 டிகிரி வெயிலில் திரும்பி வந்தவருக்கு, கசப்பு தூக்கலான ஐபிஏவையோ கெட்டியான ஸ்டவுட்டையோ நீட்டிப் பாருங்கள். இந்தியாவின் பெயரையே தாங்கிய அந்த ஐபிஏவும், இங்கிலாந்தில் காய்ச்சி இங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்காகக் கப்பலில் வந்த சரக்குதான்; டெல்லிவாசியின் தாகத்தை மனதில் வைத்து யாரும் அதைச் செய்யவில்லை.

நடுவில் ஒரு சின்ன வசந்தம் வந்தது. 2008, 2009 வாக்கில் குர்கானில் ஹௌசாட், புனேயில் டூலாலி என்று நாட்டின் முதல் மைக்ரோபுருவரிகள் திறந்தன. ஹரியானா அரசு உரிமம் தரத் தயாராக இருந்ததால், டெல்லியின் கிராஃப்ட் பீர் டெல்லிக்கு வெளியே, எல்லைக்கு அந்தப் பக்கம் வளர்ந்தது. நகருக்குள் மைக்ரோபுருவரி வர வெகு காலம் பிடித்தது. கன்னாட் பிளேஸில் இன்று இருந்தாலும், குர்கான் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் நிற்காது.

பாட்டிலில் கிராஃப்ட் பீரைக் கொண்டுவந்தது 2015-இல் டெல்லி நிறுவனமான பி9 பெவரேஜஸ். குரங்கு படம் போட்ட பீரா 91. முதலில் பெல்ஜியத்தில் காய்ச்சி இறக்குமதி செய்தார்கள். பிறகு இங்கேயே காய்ச்சினார்கள். கான் மார்க்கெட், ஹௌஸ் காஸ் பக்கம் அந்த இரண்டு மூன்று வருடம் கையில் பீரா இல்லாதவர் பழைய ஆள். யாரும் கவனிக்காத ஒன்று: பீராவின் முதல் இரண்டு சரக்குகளில் ஒயிட் கோதுமை பீர், ப்ளாண்ட் ஒரு லாகர். 'லாகரெல்லாம் குடிப்பதில்லை' என்றவர்கள் அதை ஆசையாகவே குடித்தார்கள். பிறகு பீரா பூம் என்று ஸ்ட்ராங்கும் வந்தது. சத்தீஸ்கரிலிருந்து சிம்பா, டெல்லியில் பரவலாகக் கிடைக்கும் மெடூசா என்று பின்னால் வந்த புதுப் பெயர்களும் ஸ்ட்ராங் லாகர் இல்லாமல் கடை அலமாரியில் தங்க முடியவில்லை. மறுபக்கம் கிங்ஃபிஷரே அல்ட்ரா விட்பியர் என்று கோதுமை பீர் போட்டது. கிராஃப்ட் இந்தக் கரை, ஆலைச் சரக்கு அந்தக் கரை என்று கோடு போட முயல்பவர் எங்கே போடுவார்?

பீராவின் பிற்காலம் சோகக் கதை. நிறுவனத்தின் பெயரிலிருந்து 'பிரைவேட்' என்ற ஒரு சொல்லை எடுத்தார்கள். எடுத்ததால் மாநிலம் மாநிலமாக லேபிள்களை மறுபடி பதிவு செய்ய வேண்டியதாயிற்று. மாதக்கணக்கில் விற்பனை முடங்கி, சுமார் 80 கோடி ரூபாய் சரக்கைக் கழித்துக்கட்டினார்கள். 2023-24 நிதியாண்டில் வருமானம் 638 கோடி, நஷ்டம் 748 கோடி. ஹாப்ஸையும் ஈஸ்ட்டையும் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தும் என்ன, இந்தியாவில் பீர் விற்பவன் கலால் குமாஸ்தாவின் மேசையைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

டெல்லி கடைகளின் கதையும் அதே மேசையில்தான். 2021 நவம்பர் 17-இல் புதிய மதுக்கொள்கை அமலுக்கு வந்து அரசுக் கடைகள் மூடப்பட்டன. உள்ளே நுழைந்து கையால் எடுத்துப் பார்த்து வாங்கும் தனியார் கடைகள் வந்தன. அலமாரியில் வகை வகையாக நின்றது. மைக்ரோபுருவரி பீரை வேறு பார்களுக்கு விற்கலாம், வீட்டுக்கு வாங்கிப் போகலாம் என்றும் அந்தக் கொள்கை சொன்னது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று 2022 பிப்ரவரியில் தெருவெல்லாம் கூட்டம். வழக்கு, விசாரணை என்று ஆகி, அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் பழைய முறையே திரும்பியது. நான்கு அரசு நிறுவனங்கள் கடை நடத்துகின்றன. கேட்ட பிராண்ட் இல்லை, பெயர் தெரியாத ஏதோ ஒன்றுதான் இருக்கிறது என்ற புலம்பல் அன்றிலிருந்து ஓயவில்லை. டாஸ்மாக் வாசலில் பிராண்ட் பெயர் சொல்லி ஏமாந்த தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த நிலையில் ஒருவர் கிராஃப்ட் பீர்தான் குடிப்பேன் என்று விரதம் இருந்தால், வாரத்தில் ஆறு நாள் தண்ணீர்தான்.

டேகாவில் (மதுக்கடைக்கு வடக்கில் அதுதான் பெயர்) கிராஃப்ட் பீர்க்காரரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் 'டண்டி ஹை?' (குளிர்ந்திருக்கிறதா?) என்று கேட்டு, பாட்டிலைத் தொட்டுப் பார்த்து, காகிதத்தில் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் கம்பிக் கிராதி வழியாக நீட்டிய பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்து, லேபிள் ஓரத்தில் மங்கலாக அச்சான உற்பத்தித் தேதியைத் தேடுவார். நாலு மாதம் ஆகியிருந்தால் திருப்பிக் கொடுப்பார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். கழுத்துக்குக் கீழே தோள்பட்டையில் வெள்ளையாகத் தேய்ந்த வளையம் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. பலமுறை கழுவி நிரப்பிய பாட்டில்கள் பெட்டியில் ஒன்றோடொன்று உரசி விழும் தழும்பு அது. அதனால் பீருக்குக் கெடுதல் இல்லை. பச்சைப் பாட்டிலைத்தான் அவர் தவிர்ப்பார். பழுப்புக் கண்ணாடி தடுக்கும் வெளிச்சத்தைப் பச்சை தடுக்காது; வெயிலில் கிடந்த பச்சைப் பாட்டிலில் ஹாப்ஸ் கெட்டு ஒரு மிருக வாடை வரும். கேன் கிடைத்தால் கேன். கோடையில் கூரைக்கு அடியில் மூன்று மாதம் கிடந்த லாகர் ஈர அட்டைப்பெட்டி போல ருசிக்கும். ஆலையிலிருந்து வந்து இரண்டு மூன்று வாரமே ஆன அதே லாகர் வேறு ஜாதி. கிராஃப்ட் பீர் டெல்லிக்காரருக்குக் கற்றுக்கொடுத்ததில் உருப்படியானது இந்தத் தேதி பார்க்கும் பழக்கம் என்பேன். அதை அவர் மிக அதிகமாகப் பயன்படுத்துவது கிங்ஃபிஷர் வாங்கும்போதுதான்.

ருசி வித்தியாசம் வெறும் பாவனையா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 1964-இல் அலிசன், யூல் என்ற இருவர் வழக்கமாகப் பீர் குடிப்பவர்களிடம் லேபிள் இல்லாத பாட்டில்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். தன் பிராண்ட் எது என்று கண்டுபிடிக்க அவர்களால் முடியவில்லை. லேபிளை ஒட்டிக் கொடுத்ததும் அவரவர் பிராண்டுக்கு மதிப்பெண் ஏறியது. 2014-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் மூன்று ஐரோப்பிய லாகர்களைக் கண்ணைக் கட்டிய கதையாகக் கொடுத்தபோதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதைக் காட்டி 'எல்லாம் ஒன்றுதான்' என்பவர்கள் பாதிதான் படித்திருக்கிறார்கள். ஒப்பிட்டது லாகரோடு லாகரை. கோதுமை பீரையும் லாகரையும் குழந்தைகூட வாசனையில் பிரித்துவிடும். எனக்குப் பிடித்தது 2006-இல் லீ, ஃப்ரெடரிக், ஏரியலி மூவரும் செய்தது: சாதாரண பீரில் சில துளி பால்சமிக் வினிகர் விட்டு பாஸ்டன் பக்கத்து பப்களில் கொடுத்தார்கள். முன்கூட்டியே வினிகர் என்று சொல்லப்பட்டவர்களுக்குப் பிடிக்கவில்லை. குடித்து முடித்த பிறகு சொல்லப்பட்டவர்களுக்கு, சொல்லாமலே விடப்பட்டவர்களைப் போலவே பிடித்திருந்தது. டெல்லி மேசையில் 'கிங்ஃபிஷரா?' என்ற ஒரு சொல் அந்த வினிகரின் வேலையைச் செய்கிறது.

அமெரிக்காவில் இந்தச் சண்டை பகிரங்கமாகவே நடந்தது. 2000-களில் நகரத்து இளைஞர்கள் பேப்ஸ்ட் ப்ளூ ரிப்பன் என்ற மலிவு லாகரைப் பெருமையாகக் கையில் பிடித்தார்கள். 2014-இல் கிராஃப்ட் ஆலைகளின் சங்கமே, மக்காச்சோளம் சேர்த்துப் பழைய முறையில் லாகர் செய்யும் யூங்லிங் போன்ற ஆலைகள் உள்ளே வரும்படி 'கிராஃப்ட்' என்பதற்கான வரையறையைத் தளர்த்தியது. 2015-இல் பட்வைசர், பூசணியும் பீச்சும் போட்ட பீரை மோந்து பார்ப்பவர்களைக் கிண்டல் செய்து சூப்பர் பௌல் விளம்பரம் விட்டது. அப்படிப்பட்ட பீரைச் செய்துகொண்டிருந்த எலிசியன் ஆலையைப் பட்வைசரின் தாய் நிறுவனம் வாங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன.

மலிவு லாகருக்கு எதிராக ருசியைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு. டெல்லியில் அதை யாரும் பேசிக் கேட்டதில்லை. 2009-லிருந்து 2018 வரை யுனைடெட் புருவரீஸ், கார்ல்ஸ்பெர்க் இந்தியா, ஆன்ஹைசர்-புஷ் இன்பெவ் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்து விலை நிர்ணயித்தன என்று இந்தியப் போட்டி ஆணையம் 2021 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அபராதம் சுமார் 873 கோடி ரூபாய். உண்மையைக் கக்கியதால் மூன்றாவது நிறுவனம் முழுவதும் தப்பியது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2022 டிசம்பரில் அபராதத்தை உறுதி செய்தது. பேசிவைத்த இடங்களின் பட்டியலில் டெல்லி இருக்கிறது, புதுச்சேரியும் இருக்கிறது. ஆக நாம் 'மலிவு' என்று சொல்லிக் குடித்தது, மூன்று பேர் சேர்ந்து ஏற்றிய விலையில். கிராஃப்ட் பீர்க்காரர் இதற்காக லாகரைப் புறக்கணித்தால் மதிக்கலாம். அவர் புறக்கணிப்பது நுரை தங்கவில்லை என்பதற்காக.

பணமும் தூரமும் மிச்சம். மைக்ரோபுருவரியில் ஒரு கிளாசுக்குக் கொடுக்கும் காசில் கடையில் இரண்டு பெரிய பாட்டில், சில இடங்களில் மூன்று வாங்கலாம். போய் வர வண்டி வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினால் ஓட்டுவது குற்றம். மெட்ரோ என்றால் கடைசி ரயிலுக்குக் கணக்குப் பார்த்துக் குடிக்க வேண்டும். 2023 ஜூன் கடைசியில் மெட்ரோ நிர்வாகம் ஆளுக்கு இரண்டு சீல் வைத்த பாட்டில் கொண்டுபோகலாம் என்றது. மைக்ரோபுருவரியில் குழாயிலிருந்து பிடித்துத் தரும் பீருக்கு இதனால் லாபமில்லை. குர்கான் கடையில் வாங்கிய லாகர்தான் அந்தச் சலுகையில் மஞ்சள் பாதை ரயிலேறி டெல்லிக்கு வருகிறது.

இனி என்ன ஆகும் என்பதற்கு ஒரு தடயம் சட்டத்தில் இருக்கிறது. டெல்லியில் மது வாங்க வயது 25. ஹரியானா 2021 டிசம்பரில் அதை 25-லிருந்து 21 ஆக இறக்கியது. டெல்லியில் படிக்கும் 22 வயதுக்காரர் சட்டப்படி நண்பர்களோடு உட்கார்ந்து பீர் குடிக்க வேண்டுமென்றால் எல்லை தாண்ட வேண்டும். தாண்டினால் பெரும்பாலும் மைக்ரோபுருவரி, கையில் கோதுமை பீர். அவருடைய அப்பா கோல்டன் ஈகிளிலோ காட்ஃபாதரிலோ தொடங்கி நாற்பது வயதில் கோதுமை பீரைக் கண்டுபிடித்தார். பையன் கோதுமை பீரில் தொடங்கி, 25 ஆனதும் டெல்லி டேகாவின் கிராதிக்கு முன்னால் முதல்முறையாக நின்று, இருப்பதைப் பார்த்து, ஒரு மைல்ட் லாகர் கேட்பார். கடைக்காரர் ஸ்ட்ராங்தான் இருக்கிறது என்பார்.